நூறும் இருநூறும் சேர்ந்தால் நாற்பத்து நான்கா?

நூறையும் இருநூறையும் கூட்டினால் எவ்வளவு? இரண்டாம் ஆண்டு மாணவரைக் கேட்டாலும் ‘முந்நூறு’ என்று உடனே சொல்லிவிடுவார். அதே கேள்விக்குக் கணினி ‘நாற்பத்து நான்கு’ என்று பதில் சொன்னால் எப்படி இருக்கும்? கணினி பழுதாகிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அது பழுதாகவில்லை. தனக்குத் தரப்பட்ட விதியை அப்படியே பின்பற்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த விதியை எழுதுபவர்கள் யார்? பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் ஒரு விதியை மாற்றினால் யாருக்கு என்ன பாதிப்பு? இவை கணினித் துறையினர் மட்டும் பேச வேண்டிய செய்திகள் அல்ல. வானிலை ஆராய்ச்சி, மருத்துவப் படங்களின் ஆய்வு, பங்குச் சந்தைக் கணிப்பு, செயற்கை நுண்ணறிவு என்று இன்று எண்களை நம்பி எடுக்கப்படும் முடிவுகள் பல. அந்த எண்களைக் கணக்கிடும் கருவியின் விதி மாறும்போது அதன் விளைவு எல்லார் வீட்டு வாசலுக்கும் வந்து சேரும்.

அப்படி ஒரு மாற்றம் 2024 ஜூன் 16ஆம் தேதி நிகழ்ந்தது. ‘நம்பை’ எனப்படும் கணக்கீட்டு மென்பொருளின் இரண்டாம் பெரும் பதிப்பான 2.0 அன்று வெளியிடப்பட்டது. முதல் பெரும் பதிப்பான 1.0 வெளிவந்தது 2006ஆம் ஆண்டில். ஏறக்குறைய 18 ஆண்டுகளுக்குப் பிறகு அடித்தளத்திலேயே கை வைத்திருக்கிறார்கள் என்பதுதான் இதன் சிறப்பு.

நம்பை என்பது என்ன?

‘நம்பை’ என்றால் தமிழ்க் காதுக்கு ‘நம் பை’ என்று கேட்கும். எண் என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முன்பாதியும் பைத்தான் என்ற நிரல்மொழியின் முதல் எழுத்தும் சேர்ந்த பெயர் அது. ஆனாலும் ‘நம் பை’ என்ற பொருளும் அதற்குப் பொருந்தத்தான் செய்கிறது. உலகத்தார் அனைவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பொதுப் பை அது.

சமையலுக்கு வேண்டிய மசாலாவை வேளைக்கு வேளை அம்மியில் அரைப்பவர்கள் இன்று குறைவு. அரைத்து வைத்த மசாலாவை வாங்கி, குழம்பில் மட்டும் கவனம் செலுத்துகிறோம். நிரல் எழுதுபவர்களும் அப்படித்தான். இலட்சக்கணக்கான எண்களைக் கூட்டுவது, பெருக்குவது, வரிசைப்படுத்துவது போன்ற அடிப்படை வேலைகளை யாரோ ஏற்கெனவே நன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தொகுப்பை எடுத்துத் தங்கள் நிரலில் சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடங்குவார்கள். பைத்தான் மொழியில் எண் கணக்குகளுக்கான அந்தத் தொகுப்புதான் நம்பை.

1995ஆம் ஆண்டில் ஜிம் ஹியூகுனின் என்பவர் தொடங்கிய ‘நியூமெரிக்’ என்ற தொகுப்பே இதன் மூத்த தலைமுறை. பின்னர் ஹப்பிள் தொலைநோக்கியின் தரவுகளைக் கையாளும் அமெரிக்க வானியல் கழகத்தில் ‘நம்அரே’ என்ற மற்றொரு தொகுப்பு உருவானது. ஒரே வேலைக்கு இரண்டு கருவிகள் ஏற்பட்டு, பயனாளர்கள் இரு முகாம்களாகப் பிரிந்தார்கள். 2005ஆம் ஆண்டில் டிராவிஸ் ஆலிஃபன்ட் இரண்டையும் ஒன்றாக்கும் முயற்சியில் இறங்கினார். அதன் பலனாகப் பிறந்ததே நம்பை.

அதன் பிறகு நடந்தவை வியப்பானவை. 2015 செப்டம்பரில் ஈர்ப்பு அலைகள் முதன்முறையாக உணரப்பட்டன. 2019 ஏப்ரலில் கருந்துளையின் முதல் படம் வெளியானது. 55 மில்லியன் ஒளியாண்டு தொலைவிலுள்ள அந்தக் கருந்துளையின் ஆரஞ்சு நிற வளையம் உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் இடம்பெற்றதைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அந்த இரு ஆய்வுகளின் கணக்கீடுகளிலும் நம்பைக்குப் பங்கு உண்டு. 2020ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ அறிவியல் இதழே நம்பை பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டது.

எண்ணுக்கும் ஒரு பாத்திரம்

சரி, 44 எங்கிருந்து வந்தது?

மனிதர் தாளில் கணக்குப் போடும்போது எண் நீண்டுகொண்டே போனால் தாளில் இன்னும் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்வார். பைத்தான் மொழியின் சொந்த முழு எண்களும் அப்படிப்பட்டவைதாம். தேவைக்கேற்ப அவை பெரிதாகிக்கொள்ளும். ஆனால் அந்த வசதிக்கு விலை உண்டு. இலட்சக்கணக்கான எண்களை அப்படிக் கையாண்டால் வேகம் குறையும், நினைவகமும் அதிகம் செலவாகும்.

ஆகவே நம்பை வேறு வழியைக் கையாள்கிறது. ஒவ்வோர் எண்ணையும் குறிப்பிட்ட அளவுள்ள பாத்திரத்தில் வைக்கிறது. 8 பிட் பாத்திரம், 16 பிட் பாத்திரம், 32 பிட், 64 பிட் என்று பல அளவுகள் உண்டு. எல்லாப் பாத்திரமும் ஒரே அளவாக அடுக்கப்பட்டிருப்பதால் கணினி வேகமாக எடுத்து வேகமாக வைக்கும்.

மிகச் சிறியது 8 பிட் பாத்திரம். எதிர்ம எண்களுக்கு இடம் தராத வகையில் அதில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். கைப்பேசியில் எடுக்கும் சாதாரணப் புகைப்படத்தில் ஒவ்வொரு புள்ளியின் நிற அளவும் இத்தகைய பாத்திரத்தில்தான் வைக்கப்படுகிறது.

பழைய காரின் கிலோமீட்டர் மீட்டரை நினைத்துப் பாருங்கள். 99,999 ஓடிய பிறகு அடுத்த கிலோமீட்டரில் அது 00,000 என்று காட்டும். கார் புதிதாகிவிடவில்லை, மீட்டரில் இடம் தீர்ந்துவிட்டது. 8 பிட் பாத்திரமும் அப்படித்தான். 255க்கு அடுத்து மீண்டும் 0. நூறும் இருநூறும் சேர்ந்து 300 ஆகும்போது, அதில் 256 ஒரு சுற்றாகக் கழிந்துவிடும். மிஞ்சுவது 44.

இந்தத் தொல்லை ஆராய்ச்சிக்கூடத்தோடு நின்றுவிடுவதில்லை. 2014ஆம் ஆண்டு இறுதியில் ‘கங்னம் ஸ்டைல்’ பாடலைப் பார்த்தோரின் எண்ணிக்கை யூடியூப் நிறுவனத்தின் 32 பிட் எண்ணுக்குள் அடங்காத நிலை வந்தது. அதன் உச்ச அளவு 2,147,483,647. நிறுவனம் 64 பிட் எண்ணுக்கு மாறவேண்டியதாயிற்று.

அது வேடிக்கைச் செய்தி. 1996 ஜூன் 4ஆம் தேதி நடந்தது வேடிக்கை அல்ல. ஐரோப்பாவின் ஏரியன் 5 ஏவுகணை தன் முதல் பயணத்தில், புறப்பட்ட ஏறத்தாழ 40 விநாடிகளில் வெடித்துச் சிதறியது. 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்ற முயன்றபோது அது அடங்கவில்லை, வழிகாட்டும் கணினி நின்றுபோனது. அந்த நிரல் பகுதி அதற்கு முந்திய ஏரியன் 4 ஏவுகணைக்காக எழுதப்பட்டது. பழைய ஏவுகணையின் வேகத்திற்குப் போதுமாக இருந்த பாத்திரம் புதியதற்குப் போதவில்லை. இவ்விரண்டு சம்பவங்களுக்கும் நம்பைக்கும் தொடர்பில்லை என்றாலும், பாத்திரத்தின் அளவு எவ்வளவு முக்கியம் என்பதை இவை காட்டுகின்றன.

பழைய விதியும் புதிய விதியும்

சிறிய பாத்திரத்தில் உள்ள எண்ணோடு, நிரலாளர் கையால் எழுதிய ஓர் எண்ணைக் கூட்டும்போது விடையை எந்தப் பாத்திரத்தில் வைப்பது? நம்பை 2.0 செய்த மாற்றங்களில் மிக முக்கியமானது இந்தக் கேள்விக்கான விடைதான்.

பழைய நம்பை, எண்ணின் மதிப்பைப் பார்த்து முடிவு செய்தது. 8 பிட் எண் வரிசை ஒன்றோடு 200ஐக் கூட்டினால், ‘இருநூறு 8 பிட்டுக்குள் அடங்கும்’ என்று விடையையும் 8 பிட்டிலேயே வைக்கும். அதே வரிசையோடு 300ஐக் கூட்டினால், ‘முந்நூறு அடங்காது’ என்று தானாகவே 16 பிட் பாத்திரத்திற்கு மாறிக்கொள்ளும். தனி எண்களுக்கு ஒரு வழக்கம், வரிசைகளுக்கு வேறொரு வழக்கம் என்ற குழப்பமும் இருந்தது. தனித்து நிற்கும் 8 பிட் நூறோடு இருநூறைக் கூட்டினால் பழைய நம்பை 300 என்று சரியாகச் சொல்லும். அதே நூறு ஒரு வரிசைக்குள் இருந்தால் 44 என்று சொல்லும்.

கேட்பதற்கு இது உதவி செய்வதுபோல் தோன்றும். அடங்காவிட்டால் பெரிய பாத்திரத்தை எடுத்துக்கொள்கிறதே, நல்லதுதானே என்று எண்ணலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நிரல் ஒன்றுதான், ஆனால் உள்ளே வரும் எண் மாறும்போது பாத்திரமும் மாறுகிறது. சோதனை செய்த நாளில் ஒரு விதமாகவும், உண்மையான தரவு வந்த நாளில் வேறு விதமாகவும் நடக்கும் நிரலை எப்படி நம்புவது? கடைக்காரர் நம் முகத்தைப் பார்த்து விலை சொல்வதற்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை.

புதிய விதி எளிமையானது. நிரலாளர் கையால் எழுதும் எண்ணுக்குச் சொந்தப் பாத்திரம் கிடையாது. அது எந்த எண்ணோடு சேருகிறதோ அதன் பாத்திரத்திற்குள் வரவேண்டும். வர முடியாவிட்டால் நம்பை தானாகப் பெரிய பாத்திரத்தைத் தேடாது, ‘இந்த எண் இதில் அடங்காது’ என்று பிழைச் செய்தி கொடுத்து நின்றுவிடும். 8 பிட் எண்ணோடு 300ஐக் கூட்டச் சொன்னால் இப்போது நடப்பது அதுதான்.

ஆனால் நூறோடு இருநூறு? இருநூறு தனியாக 8 பிட்டுக்குள் அடங்குகிறது. ஆகவே கூட்டல் நடக்கும். விடை அடங்காது. தனி எண்களில் முன்பு 300 வந்த இடத்தில் இப்போது 44 வரும், கூடவே ஓர் எச்சரிக்கையும் வரும். எண் வரிசைகளிலோ முன்பு போலவே எச்சரிக்கைகூட இல்லாமல் 44 வரும். ஆகவே புதிய பதிப்பு எல்லாக் குறையையும் தீர்த்துவிட்டது என்று எண்ணிவிடக்கூடாது. பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அது மனிதரின் கையில் கொடுத்திருக்கிறது. என்ன நடக்கும் என்பதை எண்களின் மதிப்பைப் பாராமல், நிரலைப் படித்தே சொல்லிவிட முடியும் என்ற நிலையை உருவாக்கியிருக்கிறது.

இந்த விதி மாற்றத்துக்கான திட்ட வரைவை எழுதியவர் செபாஸ்டியன் பெர்க். திட்டம் பொதுவில் வைக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் விவாதிக்கப்பட்ட பிறகே நடைமுறைக்கு வந்தது.

ஒரு சென் கணக்கு

முழு எண்களைவிடக் கவனம் தேவைப்படுவது தசம எண்களில். 32 பிட் தசமப் பாத்திரத்தில் ஏறத்தாழ 7 இலக்கங்கள் வரைதான் துல்லியம் இருக்கும். 64 பிட் பாத்திரத்தில் ஏறத்தாழ 16 இலக்கங்கள். மற்றவை முழுமையாக்கப்படும்.

மலேசியர்களுக்கு இது புதிதல்ல. 2008 ஏப்ரல் 1 முதல் ஒரு சென் நாணயத்தின் புழக்கம் நிறுத்தப்பட்டு, பேரங்காடி ரசீதின் மொத்தத் தொகை ஐந்து சென்னுக்கு முழுமையாக்கப்படுகிறது. 4 ரிங்கிட் 32 சென் என்றால் 4 ரிங்கிட் 30 சென். மொத்தத்தில் ஒருமுறை மட்டும் முழுமையாக்குவதால் இழப்பு இரண்டு சென்னோடு நின்றுவிடுகிறது. மாறாக, 1 ரிங்கிட் 2 சென் விலையுள்ள பத்துப் பொருள்களைத் தனித்தனியாக முழுமையாக்கினால்? 10 ரிங்கிட் 20 சென் வரவேண்டிய இடத்தில் 10 ரிங்கிட்தான் வரும். எந்தக் கட்டத்தில் முழுமையாக்குகிறோம் என்பது விடையை மாற்றிவிடும்.

நம்பை 2.0இல் அந்தக் கட்டம் சில இடங்களில் மாறியது. 32 பிட் தசம எண் ஒன்றோடு சாதாரணத் தசம எண்ணைக் கூட்டினால் முன்பு விடை 64 பிட்டில் வந்தது. இப்போது 32 பிட்டிலேயே நிற்கிறது. வேறு சில இடங்களில் மாற்றம் எதிர்த்திசையில் நிகழ்கிறது. 32 பிட் எண் வரிசையோடு தனியான 64 பிட் எண்ணைக் கூட்டினால், முன்பு 32 பிட்டாக இருந்த விடை இப்போது 64 பிட்டாகிறது. துல்லியம் கூடும், அதே வேளையில் நினைவகத் தேவை இரட்டிப்பாகும்.

இங்கேதான் உண்மையான அபாயம் இருக்கிறது. பிழைச் செய்தி வராது. நிரல் ஓடி முடியும். விடையின் கடைசி இலக்கங்கள் மட்டும் மாறியிருக்கும். நான்கு ஆண்டுகளாக ஓர் ஆய்வை நடத்திவரும் முனைவர் பட்ட மாணவி ஒருவர் மடிக்கணினியை மாற்றுகிறார், புதிய பதிப்பு தானாக வந்து அமர்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்ற ஆண்டின் அட்டவணையும் இந்த ஆண்டின் அட்டவணையும் சற்றே வேறுபட்டால், எதை அவர் தேர்வாளரிடம் காட்டுவார்? இந்தச் சங்கடத்தை முன்கூட்டியே உணர்ந்துதான், விடை மாறக்கூடிய இடங்களை எச்சரிக்கையாகச் சுட்டிக்காட்டும் ஒரு தற்காலிக வசதியையும் 2.0 பதிப்பில் வைத்துக் கொடுத்தார்கள்.

ஒரே நிரல், இரு விடைகள்

நீண்டகாலமாகத் தொடர்ந்த மற்றொரு குறையும் இந்தப் பதிப்பில் நீங்கியது. லினக்ஸ் கணினியில் முழு எண்களுக்கு நம்பை வழக்கமாக 64 பிட் பாத்திரத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் விண்டோஸ் கணினியில், அது 64 பிட் கணினியாகவே இருந்தாலும், 32 பிட் பாத்திரத்தைத்தான் எடுத்துவந்தது.

இதனால் என்ன நேரும்? ஐம்பதாயிரத்தை ஐம்பதாயிரத்தால் பெருக்கினால் 2,500,000,000. லினக்ஸில் எண் வரிசையாக வைத்துப் பெருக்கினால் இந்த விடை சரியாக வரும். விண்டோஸில் அது 32 பிட்டின் எல்லையைத் தாண்டி, –1,794,967,296 என்று எதிர்ம எண்ணாக வந்து நிற்கும். விரிவுரையாளரின் கணினியில் சரியாக ஓடிய நிரல் மாணவரின் கணினியில் தவறான விடை தந்தால், பழி மாணவர் தலையில்தான் விழும். 2.0 முதல் எல்லா 64 பிட் கணினிகளிலும் இயல்பான அளவு 64 பிட்டாகிவிட்டது.

ஐந்து பெயர் கொண்ட முடிவிலி

18 ஆண்டு குடியிருந்த வீட்டில் பழைய சாமான்கள் சேராமல் இருக்குமா? நம்பையிலும் சேர்ந்திருந்தன. ‘முடிவிலி’ என்ற ஒரே பொருளைக் குறிக்க மட்டும் ஐந்து பெயர்கள் இருந்தன. 2.0 பதிப்பில் அவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிட்டார்கள். இப்படி முதன்மைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவை, இடம் மாற்றப்பட்டவை, கைவிடப்படும் என்று அறிவிக்கப்பட்டவை ஆகியவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ நூறு. நீக்கப்பட்ட பெயரை யாராவது பயன்படுத்தினால், ‘இது 2.0இல் நீக்கப்பட்டது, அதற்குப் பதில் இதைப் பயன்படுத்துங்கள்’ என்று பிழைச் செய்தியே வழி சொல்லும்.

இதைவிடப் பெரிய தடங்கல் வேறொன்று. நம்பையின் மேல் கட்டப்பட்ட மற்ற மென்பொருள்கள் ஏராளம். தரவு அட்டவணைகளுக்கான ‘பாண்டாஸ்’, அறிவியல் கணக்குகளுக்கான ‘சைபை’ போன்றவை அவற்றுள் சில. இவை இயந்திர மொழிக்கு மாற்றப்பட்ட நிலையில் நம்பையோடு நேரடியாகப் பொருந்துபவை. 2.0இல் அந்தப் பொருத்துமுனையே மாறியது. நம் நாட்டு மூன்று ஊசி பிளக்கை வெளிநாட்டுச் சுவரில் சொருக முடியாததுபோல், பழைய நம்பைக்காகத் தயாரிக்கப்பட்டவை புதிய நம்பையோடு பொருந்தவில்லை. அவற்றை மீண்டும் தயாரிக்க வேண்டியிருந்தது.

ஆனால் முன்னேற்பாடு இருந்தது. புதிய நம்பையை வைத்துத் தயாரிக்கப்பட்ட மென்பொருள், பழைய நம்பையோடும் சேர்ந்து ஓடும்படி அமைக்கப்பட்டது. வெளியீட்டுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, ஏப்ரலில், முன்னோட்டப் பதிப்பு கொடுக்கப்பட்டு மற்றவர்கள் தயாராவதற்கு அவகாசம் தரப்பட்டது. பாண்டாஸ், சைபை ஆகியவற்றின் பொருத்தமான பதிப்புகள் முன்னதாகவே வந்துவிட்டன. பராமரிப்பவர் இல்லாத சிறு மென்பொருள்களை நம்பியிருந்தவர்களே அதிகம் சிரமப்பட வேண்டியிருந்தது.

தமிழுக்குக் கிடைத்த இடம்

எண்களுக்கான கருவியில் எழுத்துக்கும் ஒரு நன்மை கிட்டியிருக்கிறது. பெயர்ப் பட்டியல் போன்ற சொற்களை நம்பையில் வைத்தால், பட்டியலில் எது மிக நீளமான பெயரோ அதன் அளவுக்கே எல்லாப் பெயர்களுக்கும் இடம் ஒதுக்கப்படும். ஒவ்வொரு குறிக்கும் 4 பைட். பத்து இலட்சம் பெயர்களில் ஒன்றே ஒன்று 50 குறி நீளம் என்றாலும், எல்லாப் பெயருக்கும் தலா 200 பைட் போய்விடும்.

அதைவிடத் தொல்லையானது இன்னொன்று. பத்துக் குறிகளுக்கு இடம் ஒதுக்கிய பட்டியலில் பிறகு பதினைந்து குறி கொண்ட பெயரை வைத்தால், பெயரின் பின்பகுதி சத்தமில்லாமல் வெட்டப்பட்டுவிடும். நீளமான பெயர் வைத்துக்கொள்ளும் நம்மவர்களுக்கு இது விளங்கச் சொல்ல வேண்டியதில்லை.

2.0இல் அறிமுகமான புதிய சொல் வகையில் ஒவ்வொரு சொல்லுக்கும் அதற்கு வேண்டிய அளவே இடம் தரப்படுகிறது. பெயர் வெட்டப்படுவதில்லை. நேத்தன் கோல்ட்பாம் முன்னின்று உருவாக்கிய இந்த வகை, இணையத்தில் பரவலாகப் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் எழுத்துகளைச் சேமிக்கிறது. ‘தமிழ்’ என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோட் கணக்கில் ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட் வீதம் மொத்தம் 15 பைட். புதிய வகையில், 64 பிட் கணினியில் 15 பைட் வரையுள்ள சொற்கள் தனியிடம் தேடாமல் வரிசைக்குள்ளேயே வைக்கப்படும். ‘தமிழ்’ என்ற சொல் அந்த இடத்தில் கச்சிதமாக அடங்கிவிடுகிறது.

ஓடுவதை ஏன் உடைக்க வேண்டும்?

இவ்வளவு தொல்லை தேவையா என்ற கேள்வி நியாயமானது. ஓடிக்கொண்டிருந்த நிரல் ஒருநாள் காலையில் நின்றுபோனால், நிரலாளர் இல்லாத சிறிய ஆய்வுக்கூடத்தில் யார் சரிசெய்வது? பழைய நிரலை எழுதியவர் பட்டம் பெற்றுப் போய்விட்டிருப்பார். புதியவருக்கு அது விளங்காது. இலவச மென்பொருள்தானே என்று சொல்லிவிட முடியாது, அதை நம்பி நேரத்தைச் செலவழித்தவரின் உழைப்பு இலவசம் அல்ல.

மறுபக்கமும் உண்டு. 2008 டிசம்பரில் பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு வந்தபோது பழையதோடு அது பொருந்தவில்லை. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு முறையாக நிறுத்தப்பட்டது 2020 ஜனவரி 1ஆம் தேதி. பதினோரு ஆண்டுகள் ஒரு சமூகமே இரண்டு மொழிகளில் வேலை செய்தது. அந்த அனுபவம் நம்பையினர் கண்முன் இருந்தது. அதனால்தான் மாற்றங்களைச் சேர்த்துவைத்து ஒரே பதிப்பில் செய்தார்கள். ஒரே நிரல் பழையதிலும் புதியதிலும் ஓடும் வழியையும் அடைக்காமல் வைத்தார்கள். குறையைத் தெரிந்துகொண்டே தொடவில்லை என்றால், அடுத்த தலைமுறை அந்தக் குறையையே விதியாகக் கற்றுக்கொள்ளும்.

இந்தச் சுமையைத் தூக்கியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 2.0 பதிப்புக்குப் பங்களித்தவர்கள் 212 பேர். பதினொரு மாதங்களில் 1,078 திருத்தங்கள். இவர்களில் பலர் சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள். உலகம் முழுவதும் பயன்படுத்தும் கருவியின் பாரத்தைச் சுமப்பவர்கள் நம் கோயில் திருவிழாவுக்குத் தொண்டு செய்யும் இளைஞர் எண்ணிக்கையைவிட அதிகம் இல்லை.

மாணவர்கள் கவனத்திற்கு

பல்கலைக்கழகத்தில் தரவியல், பொறியியல், உயிரியல் படிக்கும் பிள்ளைகள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது, எந்த ஆய்வறிக்கையிலும் பயன்படுத்திய மென்பொருளின் பெயரோடு பதிப்பு எண்ணையும் எழுதிவைக்க வேண்டும். ‘நம்பை’ என்று மட்டும் எழுதுவது, முகவரியில் ஊர் பெயரை மட்டும் எழுதுவது போன்றது.

இரண்டாவது, வேலை நடந்துகொண்டிருக்கும்போது பதிப்பை மாற்றக்கூடாது. ‘இரண்டுக்குக் கீழ்ப்பட்ட பதிப்பு மட்டும் போதும்’ என்று நிரலின் தேவைப் பட்டியலில் குறித்து வைத்தாலே போதும், புதியது தானாக வந்து அமராது. பிறகு ஒரு நாள் ஒதுக்கி, தனி இடத்தில் புதிய பதிப்பை நிறுவி, விடை தெரிந்த பழைய கணக்கைப் போட்டுப் பார்த்து, விடைகளை ஒப்பிட்ட பிறகே மாற வேண்டும். ஏரியன் 5 வானில் போட்ட கணக்கைத் தரையில் போட்டுப் பார்த்திருந்தால் குறை முன்பே தெரிந்திருக்கும்.

மூன்றாவது, பிழைச் செய்தியைக் கண்டு அஞ்சக்கூடாது. தவறும்போது முகத்துக்கு நேரே இடித்துரைப்பவர்தான் நல்ல நண்பர் என்று நம் பெரியவர்கள் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ‘அடங்காது’ என்று சொல்லி நிற்கும் கணினி அப்படிப்பட்ட நண்பர். எதுவும் சொல்லாமல் 44 என்று எழுதிவிட்டுப் போகும் கணக்குக்குத்தான் அஞ்ச வேண்டும்.

அந்த 44ஐப் பிடிக்கக் கணினியால் எப்போதும் முடியாது. எண் எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது, விடை ஏறக்குறைய எவ்வளவு வரவேண்டும் என்று முன்கூட்டியே மனக்கணக்குப் போட்டு வைத்திருப்பவரால்தான் முடியும். அந்தப் பழக்கத்தை எந்தப் புதிய பதிப்பும் கொண்டுவந்து தராது. அதை இரண்டாம் ஆண்டு வகுப்பிலிருந்தே பிள்ளைகளுக்குப் பழக்குவது வீட்டிலும் பள்ளியிலும் உள்ள பெரியவர்களின் பொறுப்பு.